ஏழு மணிக்காரர்

ஆகஸ்ட் 12. காலை 7.00 முதல் 7.40 வரை: என் மனைவி தம் கைபேசியில் இருபது விளம்பரங்களைப் பார்த்து முடித்தார். 7.50: அடுப்படியில் மயங்கி விழுந்தார். மாலை 4.10: மருத்துவமனையில் காலமானார். வயது அறுபத்தேழு. மருத்துவர் எழுதிய காரணம், மூளையில் இரத்தக் கசிவு.

ஆகஸ்ட் 13. பிற்பகல் 3.30: அடக்கம். மழை இல்லை.

ஆகஸ்ட் 14. காலை 7.00: அவருடைய கைபேசி ஒலித்தது. திரையில் அவர் பெயர் இருந்தது. அதன் கீழே, 'நேற்று உங்களைக் காணவில்லை. இன்றும் வராவிட்டால் உங்கள் கணக்கு மூடப்படும்' என்ற செய்தி. 7.04: முதல் விளம்பரத்தைத் தொட்டேன். 7.45: இருபதும் முடிந்தன. திரை '413ஆம் நாள்' என்று காட்டியது.

செப்டம்பர் 10. காலை 6.00: முப்பதாம் நாள் திருப்பலி. 7.00: இருபது விளம்பரங்கள். 440ஆம் நாள்.

பிப்ரவரி 3. காலை 7.00: இருபது விளம்பரங்கள். 586ஆம் நாள். 10.15: நத்தம் பேருந்தில் ஏறிச் சாணார்பட்டிக்குச் சென்றேன். பிற்பகல் 2.40: இரண்டு எலுமிச்சங்கன்றுகளுடன் வீடு திரும்பினேன்.

மேலே உள்ளவை நடந்தவை. முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவனுக்கு, கருத்துச் சொல்லும் முன் தரவுகளை மேசைமேல் வைத்துவிடும் பழக்கம் போகாது. பதிவு என்பதால் அவளை 'அவர்' என்று எழுதினேன். மனத்துக்குள் எப்போதும் ஒருமைதான். இனி அப்படியே எழுதுகிறேன்.

விளம்பரம் தொடும் வேலை எளியது. ஒரு செயலியில் பெயரைப் பதிந்துகொண்டால் தினமும் காலை இருபது விளம்பரங்கள் வரும். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் திறந்து, இருபது நொடி திறந்தே வைத்திருந்து, பிறகு மூட வேண்டும். தொட்டவர் பெயரில் சில பைசாக்கள் சேரும். பிடித்த விளம்பரத்தை அன்றே மறுபடியும் திறக்கலாம். அதற்கும் பைசா உண்டு. தினமும் வருகிறவர்களுக்கு நாள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் கணக்கு மூடப்படும். மறுபடி திறக்க இயலாது.

இதை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டுத் தையற்காரம்மா. எங்கள் பங்குக் கோவிலில் ஒவ்வொரு தெருவுக்கும் அன்பியம் என்றொரு குழு உண்டு. வாரம் ஒரு வீட்டில் கூடி, வேதம் வாசித்து, செபம் சொல்லி, சுண்டல் சாப்பிட்டுக் கலைவார்கள். எங்கள் அன்பியத்துக்குத் தையற்காரம்மாதான் பொறுப்பாளர். தெருமுனையில் மாதா சிலை நிற்கும் கெபிக்கு ஓடு பதித்து மூன்று விளக்குகள் போட வேண்டும் என்று அவர் நெடுநாளாகச் சொல்லிவந்தார். வீடு வீடாகப் போய்க் கேட்பதில் அவருக்கு அலுப்பு வந்திருந்தது.

ஒரு மாலை என் மனைவியிடம் வந்து, "டீச்சரம்மா, இனிமே யாருகிட்டயும் கையேந்த வேணாம். உக்காந்த எடத்துல தொட்டாக் காசு. பதினாலு வீட்டுப் பொம்பளைகளும் தொட்டா மாதாவுக்கு லைட்டு எரிஞ்சிரும்," என்றார்.

செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நான் குறுக்கிட்டேன். "வாங்கப் போறதில்ல, வாங்கணும்னு நினைப்பும் இல்ல. அப்படி ஒரு விளம்பரத்தைக் காசு வாங்கிட்டுப் பார்க்கிறது சரியா?"

என் மனைவி முப்பத்திரண்டு ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னாள்: "பார்க்கப் பிடிக்காத நோட்டையெல்லாம் முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கிட்டுத்தானே பார்த்தேன். அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"சாருக்கு இன்னிக்கு மார்க்கு கம்மிதான்," என்று தையற்காரம்மா சிரித்தார்.

நோட்டைப் பார்த்தது பிள்ளைகளின் நன்மைக்கு; இதனால் யாருக்கு நன்மை என்று கேட்டேன். "கடைக்காரருக்கு. நாலு பேர் பார்த்தாத்தானே நாற்பது பேர் வருவாங்க," என்றாள். அதோடு விட்டுவிட்டேன். அந்தச் சில பைசாக்களை யார் தருகிறார் என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. எந்தப் பொருளுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார் என்பதைத்தான் ஆண்டுதோறும் முதல் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்வேன்.

அவள் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டாள். கண் வாசிக்காததைக் கை மூடக் கூடாது. மற்றப் பெண்கள் இருபது நொடி ஆனதும் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இவள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டாள். கோடுபோட்ட நோட்டு ஒன்றில் விளம்பரங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, எதிரே சிவப்பு மையால் குறிப்பும் எழுதினாள். 'நன்று.' 'விலையை மறைக்கிறார்.' 'இந்தத் தலைமுடி இந்த அம்மாவுடையது இல்லை.' 'பாத்திரம் நல்லது, ஆனால் பிடி சுடும்.' விளம்பரம் கொடுத்தவர் எவரும் அந்தக் குறிப்புகளைப் பார்க்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். வாங்குகிற காசுக்கு வேலை செய்தாக வேண்டும் என்றாள்.

இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், சாணார்பட்டியிலிருக்கும் ஒரு நாற்றுப்பண்ணையின் விளம்பரம் வரத் தொடங்கியது. படத்தில் ஆள் இல்லை. எலுமிச்சங்கன்று ஒன்றைப் பிடித்திருக்கும் வலது கை மட்டும் இருந்தது. கட்டைவிரலின் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு. அவள் எழுதிய குறிப்பு: 'கை நம்பத் தகுந்தது. தினமும் முதலில் இவர்.' அதற்குக் கீழே, இரண்டு முறை அடிக்கோடிட்டு, 'ஒரு நாள் நேரில் போகணும்.'

அந்த வாரம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில்தான். செபம் முடிந்ததும் அவள் அந்த விளம்பரத்தைக் காட்டினாள். பெண்களுக்கு ஒரே உற்சாகம்.

"நம்ம சாணார்பட்டியா? அட, எங்கம்மா ஊருக்குப் போற வழி," என்றார் ஒருவர்.

"பம்பாய்க்காரன் சோப்பையெல்லாம் தொடுறோம். நம்ம பக்கத்து ஆளு, நாம தொடாம யாரு தொடுவா?" என்றார் தையற்காரம்மா. "ஆளுக்கு நாலு தடவை தொடுங்க. மனுசன் மேல வரட்டும்."

சுண்டல் கிண்ணத்தோடு அதே அறையில் நானும் இருந்தேன். எவ்வளவு தொட்டால் அவ்வளவு உதவி என்று அவர்கள் நம்பினார்கள். கெபியில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுவதுபோல. அந்த எண்ணம் எனக்கும் பிடித்திருந்தது.

அவள் போன பிறகு நான் தொடர்ந்து தொட்டதற்குக் காரணம் ஒன்றுதான். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் மீந்திருந்தது அந்தச் செயலி மட்டும். வங்கி அவள் பெயரை எடுத்துவிட்டது. குடும்ப அட்டையிலிருந்து நானே எழுதிக் கொடுத்து நீக்கினேன். தினமும் ஏழு மணிக்குக் கைபேசி ஒலித்து, அவள் பெயரைச் சொல்லி, காலை வணக்கமும் சொன்னது. நான் தொடாவிட்டால் அது நின்றுவிடும். தொட்டால் நாளையும் வரும்.

அந்த மாதங்களை நான் துயரத்தோடு கழித்தேன் என்று எழுதினால் பொய்யாகும். ஒழுங்கோடும், பெரும்பாலும் நிறைவோடும் கழித்தேன். ஆறரைக்குக் காப்பி. சிறுமலை வாழைப்பழம் ஒன்று. ஏழு மணிக்கு வாசலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு இருபது விளம்பரங்கள். முதலில் சாணார்பட்டிக் கை. ஒவ்வொன்றுக்கும் அவள் விதிப்படி இரண்டு நிமிடம். பழைய விளம்பரங்களுக்கு அவள் குறிப்பை வாசிப்பேன். புதியவற்றுக்கு நானே எழுதுவேன். சிவப்பு மை அவளுடையது என்பதால் நான் பென்சில் வைத்துக்கொண்டேன். சில நாள் அவள் குறிப்பை மறுத்துப் பக்கத்தில் எழுதுவேன். 'பிடி சுடாது. மரப்பிடி. சரியாகப் பார்க்கவும்.' நாற்பத்து மூன்று ஆண்டு மணவாழ்க்கையில், வாதத்தின் கடைசி வார்த்தை என்னுடையதாக இருந்தது அந்த நோட்டில் மட்டும்தான்.

மாதம் ஒரு திருப்பலியில், காணிக்கை கொடுத்து, இறந்தோர் வரிசையில் அவள் பெயரை வாசிக்கச் செய்தேன். கோவிலில் காணிக்கை வாங்கிக்கொண்டு மாதம் ஒரு முறை வாசித்தார்கள். செயலியோ காசும் கொடுத்துத் தினமும் வாசித்தது. இரண்டையும் ஒப்பிடுவது தகாது என்று எனக்குத் தெரியும். ஒப்பிட்டேன்.

அன்பியத்தில் மாதக் கடைசியில் யார் யார் தொட்டதில் கெபிக்கு எவ்வளவு என்று தையற்காரம்மா வாசிப்பார். அவள் பெயர் தொடர்ந்து அந்தப் பட்டியலில் இருந்தது. முதல் மாதம் அதை வாசிக்கும்போது அவர் சற்று நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு மற்றப் பெயர்களை வாசித்த அதே குரலில் அதையும் வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தெருவின் மரியாதை அது.

பிப்ரவரி 3 அன்று சாணார்பட்டிக்குப் போனதற்கு அவள் போட்ட இரண்டு அடிக்கோடுகளே காரணம். கொல்லையிலிருந்த எலுமிச்சையும் பட்டுப்போயிருந்தது.

பண்ணை சாலையிலிருந்து சிறிது உள்ளே தள்ளியிருந்தது. பச்சை நிழல்வலைக்குக் கீழே, கறுப்புப் பைகளில் கன்றுகள் வரிசை வரிசையாக இருந்தன. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கட்டைவிரல் தழும்பைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டேன்.

"வாங்கய்யா. என்ன கன்னு பாக்குறீக?"

"எலுமிச்சை. விளம்பரத்துல கையில பிடிச்சிருந்தீங்களே, அந்த மாதிரி."

அவர் குழாயைக் கீழே போட்டார். "போன்ல பாத்தா வந்தீக?"

"ஆமா."

"ஏ புள்ள! இங்க வா! வெரசா வா! போன்ல பாத்து ஒருத்தரு வந்துட்டாரு!"

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி கையில் கரண்டியோடு ஓடிவந்தார். வெகுகாலத்துக்குப் பின் வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினரைப் பார்ப்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெசமாவாய்யா? எந்தூரு? திண்டுக்கல்லா? உக்காருங்க, மோரு கொண்டாறேன். ஒம்போது மாசத்துல நீங்கதான்யா மொத ஆளு!"

நான் உட்கார்ந்தேன். பண்ணைக்காரர் தம் கைபேசியை எடுத்துக் காட்டினார். நகரத்திலிருக்கும் ஒரு விளம்பர முகவர் மூலமாக அவர் விளம்பரம் கொடுத்திருந்தார். எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று, பெயர் இல்லாமல், அன்றன்று ஒரு பட்டியல் வரும்.

"பாருங்கய்யா, திண்டுக்கல்ல இருந்து மட்டும் தெனமும் அம்பது அறுவது தடவ பாக்குறாக. ஒருத்தரு வரல. ஒரு போனு இல்ல. ஒரு தடவ பாத்தா எனக்கு ரெண்டு ரூவா போகுது. அந்தாளக் கேட்டா, பாக்க வைக்கிறது எங்க வேல, வாங்க வைக்கிறது ஒங்க வேல, ஒங்க சரக்குலதான் கொறைங்குறான். வெலயக்கூட ரெண்டு வாட்டி கொறச்சுட்டேன்."

"கொற சரக்குல இல்ல, கையில," என்றார் மனைவி. "இந்தக் கையப் பாத்தா எவன் கன்னு வாங்குவான்? மருதாணியாச்சும் வச்சுட்டுப் போட்டோப் பிடின்னேன்."

"ஒங்கண்ணன் கையப் போட்டுருக்கலாம். வேலயே பாக்காத கை, பளபளன்னு இருக்கும்."

"எங்கண்ணன இழுக்காட்டி ஒனக்குத் தூக்கம் வராதே."

நான் மோரைக் குடித்தேன். ஐம்பது அறுபது தடவை. பதினான்கு வீடுகள், ஆளுக்கு நாலு தடவை. முதல் வகுப்பின் கேள்விக்கான விடை அவர் கைபேசியில் இருந்தது.

"இருந்தாலும் நம்பிக்கை விடலய்யா," என்றார் அவர். "வர்ற வியாழக்கெழம ரெண்டு ஆட்ட அய்யலூருச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறேன். அத வித்து இன்னும் மூணு மாசத்துக்குக் கட்டிரணும். பாக்குறவுக என்னிக்காச்சும் வருவாகன்னு இவகிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்ப நீங்க வந்துட்டீகல்ல?"

ஒரு கன்றுக்குப் பணம் கொடுத்தேன். நன்றி சொன்னேன். கன்றை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்து பேருந்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றேன்.

அங்கே நான் நினைத்தவற்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். பேசாமல் வீடு திரும்பினால் நாளை காலை ஏழு மணிக்கு அவள் பெயர் வரும். சாணார்பட்டி விளம்பரத்தை மட்டும் தொடாமல் விட்டு மற்றதைத் தொடலாம். அப்படிச் செய்தாலும், மற்றப் பத்தொன்பதில் எத்தனை பேர் ஆட்டை விற்றிருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைவிட, நான் வந்ததே அவருடைய தவறான நம்பிக்கைக்குச் சான்றாகிவிட்டது. நான் வராமலே இருந்திருந்தால் ஒருவேளை அவர் ஆட்டை விற்காமல் விட்டிருப்பார். பேருந்து வந்தது. நடத்துநர், "ஏறுங்க சார்," என்றார். ஏறவில்லை.

திரும்பி வந்த என்னைப் பார்த்ததும் அவர் மனைவி, "என்னய்யா, கொடைய விட்டுட்டீகளா?" என்றார்.

"இல்லம்மா. ஆட்டை விக்க வேண்டாம்னு சொல்ல வந்தேன். பார்க்கிறவங்க யாரும் வர மாட்டாங்க. அவங்கள்ல ஒருத்தன் நான்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செயலி, கெபி, பதினான்கு பெண்கள், அவருக்கு உதவுவதாக நினைத்து நாலு நாலு தடவை தொட்டது. 

கடைசியில் மனைவி கேட்டார்: "அப்ப காசு வாங்கிட்டா பாத்தீக?"

"ஆமா."

"ஒரு தடவைக்கு எம்புட்டு?"

"பத்துப் பைசா."

"எங்ககிட்ட ரெண்டு ரூவா வாங்குறான், ஒங்களுக்குப் பத்துப் பைசா குடுக்குறான். மிச்சத்த எவன் தின்னான்?"

முப்பத்து நான்கு ஆண்டுகளில் என் மாணவர் எவரும் இவ்வளவு விரைவாகப் பாடத்தின் மையத்துக்கு வந்ததில்லை. அது முகவருக்கும் செயலிக்காரருக்கும் போயிருக்கும் என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு, கோபமில்லாத குரலில், "வெவரம் படிச்சவுக நீங்களே இப்பிடிப் பண்ணுனா எப்பிடிய்யா?" என்றார்.  

அவர் கணவர் இதற்குள் கைபேசியை மறுபடி கையில் எடுத்திருந்தார். "நீங்க எத்தன மணிக்குப் பாப்பீக?"

"காலைல ஏழு மணிக்கு. முதல் விளம்பரம் உங்களுடையதுதான்."

"எம்புட்டு நேரம்?"

"ரெண்டு நிமிஷம்."

அவர் மனைவியைப் பார்த்தார். "ஏ புள்ள. ஏழு மணிக்காரரு."

மனைவி திண்டின்மேல் உட்கார்ந்தார்.

"மத்தவுகல்லாம் இருவது நொடில ஓடிருவாகய்யா," என்று அவர் எனக்கு விளக்கினார். "ஒருத்தரு மட்டும் தெனமும் ஏழு மணிக்கு வந்து ரெண்டு நிமிசம் நின்னு பாப்பாரு. வாங்குறதா இருந்தா அவருதான் வாங்குவாருன்னு நாங்க பேசிக்கிருவோம். ஏழு மணிக்காரருன்னு பேரே வச்சுட்டோம். ஆடிக் கடைசில ஒரு நாளு மட்டும் வரல. இவதான், ஒடம்புக்கு என்னமோன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. மறுநா வந்துட்டாரு."

"அது வரைக்கும் பார்த்தது என் மனைவி," என்றேன். "வராத அன்னிக்குத்தான் அடக்கம். மறுநாள்ல இருந்து நான்."

 பண்ணைக்காரர் நிழல்வலையின் கடைசி வரிசைக்குப் போய், தண்டில் சிவப்புத் துணி கட்டியிருந்த ஓர் எலுமிச்சங்கன்றை எடுத்து வந்தார். மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம். "நல்ல கன்னா ஒண்ணு அவுகளுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தேன்," என்றார்.

பணத்தை எடுத்தேன். அவர் என் கையைத் தள்ளினார். "ஒங்க கன்னுக்கு நீங்க குடுத்துட்டீக. இது ஒங்களுக்கு இல்ல. அவுகளுக்கு."

நோட்டில் எழுதிய குறிப்புகளை யாரும் பார்க்கப் போவதில்லை என்று அவளும் நானும் நினைத்திருந்தோம். அவள் வாசித்த இரண்டு நிமிடங்களை ஒருவர் அன்றாடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். திரும்பி வரும் பேருந்தில் எனக்கு இருக்கை கிடைத்தது. இரண்டு கன்றுகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். சன்னல் வழியே சிறுமலை தெளிவாகத் தெரிந்தது.

பிப்ரவரி 4 காலை ஏழு மணிக்குக் கைபேசி ஒலித்தது. அவள் பெயர், வணக்கம். காப்பியைக் குடித்து முடித்தேன். 5ஆம் தேதி ஏழு மணிக்கு மறுபடியும்: 'நேற்று உங்களைக் காணவில்லை. இன்றும் வராவிட்டால் உங்கள் கணக்கு மூடப்படும்.' அவள் விதிப்படி அதை முழுவதும் வாசித்தேன். இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன். 6ஆம் தேதி ஏழு மணிக்கு ஒலி இல்லை. ஏழு பத்துக்குக் கொல்லைக்குப் போய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அந்த வார அன்பியத்தில் நடந்ததைச் சொன்னேன். தையற்காரம்மா வாயில் கைவைத்துக்கொண்டார். "நல்லது செய்றோம்னுல்ல சார் நெனச்சோம்! நான்தான நாலு தடவ தொடுங்கன்னு சொன்னேன். பாவி, அந்த மனுசன நானே தொட்டுத் தொட்டுக் கவுத்திருக்கேன்."

கோழிக்கடைக்காரரின் மனைவி மட்டும் ஒப்பவில்லை. "சரி சார், சாணார்பட்டிக்காரரத் தொட வேணாம். சோப்புக் கம்பெனிக்காரனத் தொட்டா என்ன? அவன் என்ன ஆட்டையா விக்கப் போறான்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன்: நமக்குக் கொடுக்கும் பைசா விரலுக்குக் கூலி இல்லை, வாங்க வந்தவர்போல் நடிப்பதற்குக் கூலி. பெரிய கம்பெனிக்காரரிடம் நடித்தால் அவருக்கு வலிக்காமல் போகலாம், நடிப்பு நடிப்புத்தான். மேலும், அந்தச் சோப்புக்காரர் தம் இழப்பைச் சோப்பின் விலையில் ஏற்றினால் அதையும் நாம்தான் கட்டுவோம்.

"ஒங்க பாடம் எனக்கு எப்பவும் வெளங்காது சார்," என்றார் அவர். அவரும் இன்னும் சிலரும் இப்போதும் தொடுகிறார்கள். எதிர்வீட்டுச் சன்னலில் தையல் இயந்திரத்தின் மேல் தையற்காரம்மாவின் கைபேசி சும்மா கிடக்கிறது. நான் வற்புறுத்தவில்லை. ஐந்து மாதங்களுக்கு மேல் தெரியாமலும், ஒரு மணி நேரம் பேருந்து நிறுத்தத்தில் தெரிந்தும் தவறியவனுக்கு வற்புறுத்தும் தகுதி குறைவு.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், தொடுவதை நிறுத்தியவர்களும் நிறுத்தாதவர்களுமாக ஒரு வேன் பிடித்துச் சாணார்பட்டிக்குப் போனார்கள். வீட்டுக்கு ஒரு கன்றாவது வாங்குவது என்று முடிவு. பரிகாரத்துக்குப் போனவர்கள் பேரத்தைக் கைவிடவில்லை. கொய்யாக்கன்று ஒன்றுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லித் தையற்காரம்மா கால் மணி நேரம் நின்றாராம். பண்ணைக்காரரின் மனைவி, "போன்ல மட்டும் வெல கேக்காம நாலு தடவ தொட்டீக?" என்று மடக்கினாராம். இருவரும் இப்போது ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்கிறார்கள். அந்த வியாழக்கிழமை ஆடுகள் அய்யலூருக்குப் போகவில்லை.

கொல்லையில் நட்ட கன்று துளிர்விட்டிருக்கிறது. காலை ஏழு மணி வருகிறது, போகிறது. நோட்டை நான் மூடவில்லை.

இன்னும் செய்யாதவை:

சிவப்புத் துணி கட்டிய கன்றைக் கல்லறையருகே நட, பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்பது. அதுவரை அது வாசலில் இருக்கிறது.

நோட்டில் உள்ள சிறு வியாபாரிகளுள் முகவரி தெரிந்தவர்களுக்கு எழுதுவது. முதலில் தொப்பம்பட்டிப் பக்கத்துத் தேங்காயெண்ணெய்க்காரர். அவளுடைய குறிப்பு, 'புட்டி அழகு, எண்ணெய் பார்த்தால்தான் தெரியும்.'

கெபியின் மூன்றாவது விளக்கு.

பாத்திரத்தின் பிடி சுடுமா என்று கடையில் போய்ப் பார்ப்பது.

அவளுடைய கைபேசி எண்ணை நிறுத்த விண்ணப்பிப்பது.